குடைக் கொக்கியில் தொங்கும் படங்கள்

வாசகர் கேள்வி – பதில்

கன்னியாகுமரி மாவட்டத்தில், தக்கலையிலிருந்து பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போகும் சாலையில் என் அப்பா 31 வருடம் குடை ரிப்பேர் செய்த கடை இருக்கிறது. அவர் காலமான பிறகு பூட்டிக் கிடந்ததைத் திறந்து, சின்ன ஓவியக்கூடமாக நடத்திவருகிறேன். இது ஏழாவது வருடம். பெயர்ப்பலகை வைக்கவில்லை. ஊரில் ‘படக்கடை’ என்கிறார்கள், எனக்கும் அதுவே பிடித்துப்போய்விட்டது. செவ்வாய் முதல் வெள்ளி வரை கல்யாணப் பத்திரிகை அடிக்கும் அச்சகம் ஒன்றில் டிசைன் வேலை. சனி, ஞாயிறு, திங்கள் படக்கடை. இரண்டு இதழுக்கு முன்னால் இதைப் பற்றி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒருவருடையதை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: எங்கள் வீட்டு முன்னறை எட்டுக்குப் பத்து அடிதான். இதில் கண்காட்சி நடத்த முடியுமா? ஆட்கள் வருவார்களா?
– இல்லத்தரசி, களியக்காவிளை

பதில்: என் கடை ஒன்பதுக்குப் பதினொன்று. உங்கள் அறையைவிட ஒவ்வொரு பக்கமும் ஒரு அடி கூடுதல், அவ்வளவுதான். ஒரே நேரத்தில் ஆறு பேருக்கு மேல் உள்ளே விடுவதில்லை. மற்றவர்கள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து பக்கத்துக் கடையில் சாயா குடிப்பார்கள். சாயாக்கடைக்காரருக்கும் அதில் சந்தோஷம்.

சின்ன அறையில் பெரிய நன்மை ஒன்று உண்டு. 2012 டிசம்பரில் கொச்சியில் பியென்னாலே என்ற, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நடக்கும் கலைக் கண்காட்சி முதல்முறையாகத் தொடங்கியதே, அதைப் பார்க்க நாகர்கோவிலில் ரயிலேறிப் போனேன். பழைய சரக்குக் கிடங்குகளில் படங்களும் சிற்பங்களும் வைத்திருந்தார்கள். மிளகு மூட்டை கிடந்த இடத்தில் ஓவியம் இருக்கலாம் என்றால் குடைக்கடையிலும் இருக்கலாம் என்ற தைரியம் அங்கேதான் வந்தது. ஆனால் அங்கே இன்னொன்றும் கவனித்தேன். இடம் பெரிதாக இருந்தால் ஜனங்கள் நடந்துகொண்டே இருக்கிறார்கள். அடுத்த அறை, அதற்கடுத்த அறை என்று கால் இழுத்துப் போகிறது. படக்கடையில் நடக்க இடமில்லை. உள்ளே வந்தால் நிற்க வேண்டும், நின்றால் எதையாவது பார்க்கத்தான் வேண்டும்.

ஆட்கள் வருவது நேரத்தைப் பொறுத்தது. பத்மநாபபுரம் அரண்மனைக்குத் திங்கட்கிழமை விடுமுறை. அது தெரியாமல் குடும்பத்தோடு வந்து, மூடிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள் ஒவ்வொரு திங்களும் உண்டு. அதனால்தான் திங்கட்கிழமை காலை பத்துக்கே திறந்துவிடுகிறேன். என் பார்வையாளர்களில் பாதிப்பேர் அப்படி வந்தவர்கள்தான். நீங்கள் இருப்பது கேரள எல்லையில், பஸ் மாறுகிறவர்கள் காத்து நிற்கிற ஊர். அவர்கள் எந்த நேரத்தில் சும்மா நிற்கிறார்கள் என்று ஒரு வாரம் கவனித்துவிட்டு அந்த நேரத்துக்குத் திறந்து வையுங்கள்.

கேள்வி: கண்காட்சிக்குத் தலைப்பை எப்படிப் பிடிக்கிறீர்கள்? நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து ஒன்று நடத்தப் பார்க்கிறோம். ‘இயற்கை’ என்பதைத் தாண்டி ஒன்றும் தோன்றவில்லை.
– கல்லூரி மாணவர், கருங்கல்

பதில்: ‘இயற்கை’யை விட்டுவிடுங்கள் தம்பி. அந்தத் தப்பை நானும் செய்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன்.

என் முதல் கண்காட்சி தானாக அமைந்தது. கடையைச் சுத்தம் செய்தபோது, ரிப்பேருக்குக் கொடுத்துவிட்டு யாரும் வாங்க வராத குடைகள் 17 கிடைத்தன. ஒவ்வொன்றின் பிடியிலும் அப்பா நூலில் ஒரு சீட்டு கட்டியிருந்தார். பெயர் எழுதும் பழக்கம் அவருக்கு இல்லை. ஆள் அடையாளம், செய்த வேலை, வரவேண்டிய பணம், இவ்வளவுதான் இருக்கும். ‘சந்தையில் கீரை விற்கிற அம்மா. கம்பி 2. ரூ.12’ என்று ஒரு சீட்டு. ‘உயரமான வாத்தியார். துணி புதுசு. ரூ.45’ என்று இன்னொன்று. கூரையில் நீளமாக ஓடும் இரும்புக் கம்பியில் அப்பா குடைகளைத் தொங்கவிட 26 கொக்கிகள் போட்டு வைத்திருந்தார். அதிலேயே 17 குடைகளையும் விரித்து மாட்டினேன். குடைகளில் நாங்கள் கைவைக்கவில்லை, உரியவர் வந்தால் அப்படியே கொடுக்க வேண்டுமே. நண்பர்கள் ஏழு பேர் உள்ளங்கை அளவுக் காகிதங்களில் மழையில் பார்த்ததை வரைந்தார்கள். அவற்றை ஒவ்வொரு குடையின் எட்டுக் கம்பி நுனிகளிலும் நூலில் கட்டித் தொங்கவிட்டேன். கீழே பாய் விரித்தேன், படுத்துக்கொண்டு பார்க்க. தலைப்பு: ‘இது யாருடைய குடை?’

மூன்றாம் நாள் ஒருவர் வெகுநேரம் பாயில் படுத்திருந்தார். எழுந்து, அந்தக் கீரைக்கார அம்மா தன்னுடைய அம்மா என்றார். சட்டைப் பையிலிருந்து 12 ரூபாய் எடுத்து மேசையில் வைத்தார். குடையைக் கழற்றிக் கொடுத்தேன். கண்காட்சி முடியும்வரை அந்தக் கொக்கியில் சீட்டு மட்டும் தொங்கியது.

அதிலிருந்து நான் பிடித்துக்கொண்ட வழி இது: தலைப்பு ஒரு கேள்வியாக இருக்க வேண்டும், படம் வரைந்தவரிடம் மட்டுமல்லாமல் பார்க்க வருகிறவரிடமும் அதற்கு ஒரு பதில் இருக்க வேண்டும். ‘எனக்கு ஓவியமெல்லாம் தெரியாதும்மா’ என்று வாசலிலேயே நின்றுவிடுகிறவர் நம் ஊரில் அதிகம். அவரிடம் ‘உங்கள் குடை எப்போதாவது தொலைந்திருக்கிறதா?’ என்று கேட்டுப் பாருங்கள். பேசிக்கொண்டே உள்ளே வந்துவிடுவார்.

மூன்றாவது வருடம் இதை மறந்து ‘கடல்’ என்று தலைப்பு வைத்தேன். 38 படம் வந்தது. 29 படத்தில் விவேகானந்தர் பாறையும் வள்ளுவர் சிலையும், பின்னால் சூரிய உதயமும். வரைந்தவர்கள் மேல் குறையில்லை, நான் கேட்டது அவ்வளவு பெரிசு. அடுத்த வருடம் அதையே மாற்றி, ‘கடலிலிருந்து உங்கள் வீட்டுக்கு வந்த பொருள் எது?’ என்று கேட்டேன். குளச்சலிலிருந்து வலை பின்னும் ஊசியை வரைந்து அனுப்பினார்கள். முட்டத்திலிருந்து ஒருவர் உடைத்துப்போட்ட வள்ளத்தின் பலகைத்துண்டு ஒன்றைக் கொண்டுவந்தார். ஓரத்தில் பெயின்ட் உரிந்த இடத்தில் நீலம், அதற்கு அடியில் பச்சை, அதற்கும் அடியில் காவி, மறுபடி நீலம். புது பெயின்ட் அடித்த ஒவ்வொரு தடவைக்கும் ஒரு அடுக்கு. அதன் பக்கத்தில் அவருடைய மகள் அந்த அடுக்குகளை மட்டும் பெரிதாக்கி வாட்டர்கலரில் வரைந்திருந்தாள். அந்த இரண்டையும் நினைத்தால் இப்போதும் மனசு நிறைகிறது.

உடம்புக்கும் ஒரு வேலை வையுங்கள். படுக்க, குனிய, திறக்க. ‘தீப்பெட்டி’ கண்காட்சியில் சுவரில் ஒரு படமும் கிடையாது. நீள மேசையில் 62 தீப்பெட்டிகள், நூலில் கட்டிய இரண்டு பூதக்கண்ணாடி. ‘உங்களுடைய எது இதற்குள் அடங்கும்?’ என்பதுதான் கேள்வி. ஒவ்வொன்றையும் நாமே தள்ளித் திறக்க வேண்டும். மார்த்தாண்டம் பக்கம் அண்டி ஆபீஸில், அதாவது முந்திரி ஆலையில், கொட்டை உடைக்கிற அக்கா ஒருவர் கொடுத்த பெட்டியில் ஒரு வெள்ளைக் காகிதம், அதில் பெருவிரல் ரேகை. மை இல்லை, முந்திரித் தோட்டின் எண்ணெய். கையில் சாம்பல் பூசிக்கொண்டு உடைத்தாலும் அந்த எண்ணெய் தோலைப் பொசுக்கிவிடும். கண்ணாடி வைத்துப் பார்த்தால் ரேகைக் கோடுகள் பாதியில் நின்று நின்று போவது தெரியும். நடுவில் ஒரு கோடும் இல்லாத, வழவழவென்ற வட்டம். ரேஷன் கடை மெஷினில் தன் விரல் பதியாது என்றும், இதிலாவது பதியட்டும் என்று வைத்ததாகவும் சொன்னார். பழுப்பு நிறம் இரண்டு வருடத்தில் இன்னும் அடர்ந்திருக்கிறது. அந்தப் பெட்டி என்னிடமே இருக்கிறது, விற்பனைக்கு இல்லை.

இப்படிச் செய்கிறவர்கள் உலகத்தில் நிறைய. குரோஷியாவின் ஜாக்ரெப் நகரில் பிரிந்துபோன காதலர் இருவர் சேர்ந்து, முறிந்த உறவுகளின் மிச்சப் பொருள்களுக்கு ஓர் அருங்காட்சியகமே வைத்திருக்கிறார்கள். 2010 முதல் நிலையான இடத்தில் நடக்கிறது. அமெரிக்காவில் பாஸ்டன் பக்கம், 1993-ல் குப்பையிலிருந்து எடுத்த ஒரு படத்தில் ஆரம்பித்து ‘மோசமான ஓவியங்களுக்கு’ என்றே ஓர் இடம் உண்டு. முதல் யோசனையை மனசாரப் பாராட்டுகிறேன். இரண்டாவதை நான் செய்யமாட்டேன். நம் ஊரில் அந்தப் படத்தை வரைந்தவர் மறுநாள் காய்கறிக் கடையில் என் பக்கத்தில் நிற்பார்.

கேள்வி: பத்மநாபபுரம் அரண்மனையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பழைய குடையையும் தீப்பெட்டியையும் கலை என்று காட்டுவது சரியா? 34 வருடம் ஓவியம் சொல்லிக்கொடுத்தவன் நான். மனசு கேட்காமல் எழுதுகிறேன்.
– ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர், நாகர்கோவில்

பதில்: சாருக்கு வணக்கம். உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். கோபத்தில் எழுதியதாகத் தோன்றவில்லை, அக்கறையில் எழுதியிருக்கிறீர்கள். அதனால் நானும் மனசில் உள்ளதைச் சொல்கிறேன்.

அரண்மனையை ஐந்து வயதிலிருந்து பார்க்கிறேன். உப்பிரிகை மாளிகையின் சுவரோவியங்களைப் பற்றி நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. திருநந்திக்கரைக் குகையில் சுவரோவியம் இருந்த இடத்தில் இப்போது அங்கங்கே நிறமும் கோடும்தான் மிஞ்சியிருக்கின்றன. அதைப் பார்க்கவே வருடத்துக்கு ஒருமுறை போவேன். அவற்றுக்குப் பக்கத்தில் என் தீப்பெட்டியை வைத்துப் பேச எனக்கு எண்ணமே இல்லை.

ஆனால் அரண்மனைக்குள் நுழைந்ததும் வருகிற பூமுகத்தில் நின்று அண்ணாந்து பாருங்கள் சார். விதானம் முழுக்க மரத்தில் செதுக்கிய பூக்கள். நல்லதாக ஒரே ஒரு பூவைச் செதுக்கி அதையே திரும்பத் திரும்ப வைத்திருந்தாலும் மகாராஜா ஒத்துக்கொண்டிருப்பார், வேலையும் சீக்கிரம் முடிந்திருக்கும். ஆசாரிமார் அப்படிச் செய்யவில்லை. ஒன்றுபோல் இன்னொன்று இருக்கக்கூடாது என்று தங்களுக்குள் ஒரு விதி வைத்துக்கொண்டு செதுக்கியிருக்கிறார்கள். எனக்கு அது ஒரு தலைப்பில் நடந்த கண்காட்சியாகத்தான் தெரிகிறது. ஒரே கட்டுக்குள் எத்தனை விதமாகப் போகமுடியும் என்று கையும் மனசும் சேர்ந்து விளையாடிய விளையாட்டு. நான் காக்காவை மட்டும் வரையச் சொல்லி 43 காக்கா மாட்டியபோது மனசில் இருந்தது அந்த விதானம்தான்.

ஒரு வேண்டுகோள். பிள்ளைகள் வரைந்ததன்மேல் நீங்கள் கோடு போட்டுத் திருத்திய பழைய ஓவிய நோட்டுகள் ஒன்றிரண்டாவது உங்களிடம் இருக்கும். பிள்ளையின் கோடு பென்சிலில், சாரின் கோடு அதற்கு மேல். அதை மட்டும் வைத்து ஒரு கண்காட்சி செய்ய எனக்கு ரொம்ப ஆசை. எதை மாட்டுவது, எதை விடுவது என்று நீங்களே தேர்ந்துகொடுக்க வேண்டும். ஒரு திங்கட்கிழமை வாருங்கள்.

கேள்வி: படங்களை எந்த உயரத்தில் மாட்டுவது?
– வாசகர், குலசேகரம்

பதில்: படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து 145 செ.மீ. உயரத்தில் இருக்கட்டும். நின்று பார்க்கிற பெரியவர்களுக்கு அது ஏறக்குறைய கண் மட்டம். வீடுகளில் எல்லோரும் சாமி படம் மாட்டுகிற உயரத்தில் மாட்டிவிடுகிறோம், கழுத்து வலிக்கும். ‘முழங்கால் உயரம்’ கண்காட்சியில் எல்லாப் படங்களையும் 50 செ.மீ.யில் மாட்டினேன். பிள்ளைகள் நின்று பார்த்தார்கள், பெரியவர்கள் தரையில் உட்கார்ந்து பார்த்தார்கள்.

கேள்வி: போன ஐப்பசி மழையில் பிரேம் போட்ட என் வாட்டர்கலர் படங்களில் பூஞ்சை பிடித்துவிட்டது. நம் ஊர் ஈரத்தில் காகிதத்தை எப்படிக் காப்பாற்றுகிறீர்கள்?
– ஓவியர், திருவட்டாறு

பதில்: நம் மாவட்டத்துக்கு இரண்டு மழையும் உண்டு. ஜூனில் தென்மேற்கு பிடித்தால் அது ஓய்ந்து காய்வதற்குள் அக்டோபரில் வடகிழக்கு வந்துவிடும். அச்சகத்தில் அந்த மாதங்களில் காகிதக் கட்டைப் பிரித்தால் ஓரம் அலை அலையாக நிற்கும்.

எனக்கும் இந்த அனுபவம் உண்டு. இரண்டாம் வருடம் 11 படங்களை ஒரு கடையில் பிரேம் போடக் கொடுத்தேன். பின்பக்கம் சாதாரண பழுப்பு அட்டையை மைதாப் பசையில் ஒட்டி, படத்தைக் கண்ணாடியோடு சேர்த்து அழுத்திக் கொடுத்துவிட்டார்கள். தீபாவளிக்குள் மூன்று படத்தில் கரும்புள்ளி. அதில் இரண்டு வேறொருவருடையவை. அவரிடம் போய்ச் சொன்ன அந்த நாளை மறக்கமுடியாது.

பூஞ்சைக்கு மைதா சாப்பாடு. அச்சகத்தில் பைண்டிங் பசைக்கு மயில்துத்தம் போடுவோம், பூச்சி வராமலிருக்க. படத்துக்கு அந்தப் பசையே வேண்டாம். படம் கண்ணாடியைத் தொடவே கூடாது, அதனால் நடுவில் ஜன்னல்போல் வெட்டிய மவுண்ட் அட்டை கட்டாயம். அட்டை அமிலமில்லாததாக இருக்கட்டும். விலை கூடத்தான், ஆனால் பழுப்பு அட்டையின் அமிலம் சில வருடத்தில் காகிதத்தையும் பழுப்பாக்கிவிடும். அப்புறம், பிரேமின் பின்பக்கம் கீழ் மூலைகள் இரண்டிலும் பழைய ஹவாய்ச் செருப்பிலிருந்து வெட்டிய ரப்பர் துண்டை ஒட்டுங்கள். சுவருக்கும் படத்துக்கும் நடுவில் காற்று ஓட அந்த அரை அங்குலம் போதும். மழையில் நனையும் வெளிச்சுவரில் மாட்டவே வேண்டாம். கடற்கரைப் பக்கம் இருப்பவர்கள் ஆணிக்குப் பதில் பித்தளைக் கொக்கி போடுங்கள், உப்புக்காற்றில் இரும்பு துருப்பிடித்துச் சுவரில் ஒழுகும்.

மாட்டாத படங்களை மூடியுள்ள டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வைக்கிறேன். நீல மணிகள் ரோஸ் நிறமானால் ஈரம் குடித்துவிட்டன என்று அர்த்தம். மெதுவான சூட்டில் காயவைத்தால் மறுபடி நீலமாகும். காகிதத்தை அரிக்கும் ராமபாணப் பூச்சிக்கு மாதம் ஒருமுறை எல்லாவற்றையும் வெளியே எடுத்துப் பார்ப்பதைத் தவிர வேறு மருந்து எனக்குக் கிடைக்கவில்லை.

பூஞ்சை வந்துவிட்டதா, ஈரத்துணியால் துடைக்காதீர்கள், அது உள்ளே இறங்கிவிடும். வெயிலிலும் வைக்காதீர்கள், வாட்டர்கலர் வெளுத்துவிடும். பிரேமைக் கழற்றி, நிழலில் காற்றோட்டமாக நன்றாகக் காயவிட்டு, மூக்கில் மாஸ்க் கட்டிக்கொண்டு, வீட்டுக்கு வெளியே மெல்லிய பிரஷ்ஷால் பைய தட்டி எடுங்கள். கறை கொஞ்சம் நிற்கும். அதற்குமேல் தேய்க்கவேண்டாம்.

கேள்வி: இதில் வருமானம் உண்டா? விற்றால் எவ்வளவு எடுத்துக்கொள்வீர்கள்? படத்தை விற்றபிறகு அதை வாங்கியவர் காலண்டரில் போட்டுக்கொள்ளலாமா?
– வாசகர், மார்த்தாண்டம்

பதில்: வாழ வருமானம் இல்லை. அச்சக வேலை இருப்பதால் கடை நடக்கிறது, சொந்தக் கடை என்பதால் வாடகையும் இல்லை. ஒரு கண்காட்சிக்கு எனக்கு நாலாயிரம், நாலாயிரத்தைந்நூறு செலவாகிறது. பெரிய கேலரிகள் விற்ற விலையில் 30 முதல் 50 சதவீதம் வரை எடுத்துக்கொள்வது வழக்கம். நகரத்தில் வாடகையும் விளம்பரமும் அவர்களுக்கு அப்படி. நான் 20 சதவீதம் எடுக்கிறேன், பள்ளிப் பிள்ளைகளிடம் எதுவும் எடுப்பதில்லை. என்னிடம் விற்பவை பெரும்பாலும் 300 ரூபாயிலிருந்து 3,000-க்குள்தான். விலையைப் படத்துக்குப் பக்கத்திலேயே எழுதி ஒட்டிவிடுங்கள். விலை கேட்கக் கூச்சப்பட்டே திரும்பிப்போகிறவர்கள் நம் ஊரில் ரொம்பப் பேர்.

காலண்டர் கேள்வி முக்கியமானது. படத்தை விற்றால் அந்தத் தாள்தான் கைமாறுகிறது. 1957-ஆம் வருடப் பதிப்புரிமைச் சட்டப்படி, எழுதிக் கொடுக்காதவரை பதிப்புரிமை ஓவியரிடமே இருக்கும், அவர் காலத்துக்குப் பிறகும் 60 வருடத்துக்கு வாரிசுகளுக்கு உண்டு. வாங்கியவர் வீட்டில் மாட்டலாம், யாருக்கும் பரிசாகக் கொடுக்கலாம். காலண்டர் அடிக்க ஓவியரின் அனுமதி வேண்டும். ஒருவர் பணம் கொடுத்து ‘இப்படி வரைந்து தாருங்கள்’ என்று கேட்டு வரைந்த படமென்றால் கணக்கு வேறு. வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் உரிமை கேட்டவருக்கே போய்விடும். அதனால் ஆர்டருக்கு வரைகிறவர்கள் தூரிகையைத் தொடும் முன்னால் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். இன்னொன்றும் பலருக்குத் தெரியாது. உங்கள் அசல் ஓவியம் பின்னால் 10,000 ரூபாய்க்கு மேல் மறுவிற்பனையானால், அதில் பங்கு கேட்கும் உரிமையை 53ஏ பிரிவு தருகிறது. அதிகபட்சம் 10 சதவீதம். நான் கொடுக்கும் ரசீதின் பின்பக்கம் இது எல்லாவற்றையும் தமிழில் அச்சடித்து வைத்திருக்கிறேன். அச்சகத்தில் வேலை பார்ப்பதில் அந்த வசதி உண்டு.

கேள்வி: நான் எட்டாம் வகுப்பு படிக்கிறேன். அடுத்த கண்காட்சிக்கு நானும் வரையலாமா அக்கா? எங்கள் வீட்டில் கலர் பென்சில் மட்டும்தான் இருக்கிறது.
– மாணவி, இரணியல்

பதில்: வரையலாம் மக்களே. கலர் பென்சில் போதும்.

அடுத்த தலைப்பு, ‘இது எந்தப் பூட்டின் சாவி?’ எல்லார் வீட்டிலும் அலமாரி மூலையிலோ பழைய டப்பாவிலோ ஒரு சாவி கிடக்கும், எந்தப் பூட்டுக்கு என்று யாருக்கும் தெரியாது. தூக்கிப்போடவும் மனசு வராது. உங்கள் வீட்டில் அப்படி ஒன்றைத் தேடி எடு. அது என்ன கதவைத் திறக்கும் என்று உனக்குத் தோன்றுகிறதோ அதை வரை. சும்மா பெட்டியாக இருக்கலாம், ஆச்சி வீட்டு நெல்லறையாக இருக்கலாம், இல்லாத ஊராகவும் இருக்கலாம். தாள் உன் கணக்கு நோட்டைவிடப் பெரிதாக வேண்டாம். பின்பக்கம் உன் பெயரும் வகுப்பும் பென்சிலால் எழுது, பேனாவால் எழுதினால் முன்பக்கம் தெரியும்.

சாவியையும் கொண்டுவா. அப்பா போட்ட 26 கொக்கியில் இதுவரை 9-ல் சாவி மாட்டியாகிவிட்டது.